லாரிக்குப் பின்னால் ஓடிச் சொன்ன பெயர்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலம். மலாக்காவில், காஜா பேராங் சாலையை ஒட்டிய ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில் நானும் என் மாமனாரும் குடியிருந்தோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். இதைப் படிக்கிறவர்கள் முதலில் கேட்கப்போவது, "உன் வீட்டுக்காரர் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். அன்றைக்கும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போட அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அழைத்துக்கொண்டு என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், வீட்டுக்கு அரிசி என்று முதலில் ஆசை காட்டினார்கள். அப்படியும் ஆள் சேராதபோது கண்ணில் பட்ட ஆண்பிள்ளைகளை மடக்கி லாரியில் ஏற்றினார்கள். அவர் முனிசிபாலிட்டியில் சாலை போடும் வேலை பார்த்தவர். ஒரு நாள் மண்ணெண்ணெய் கிடைக்கிறதாம் என்று கேள்விப்பட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். மத்தியானம் யாரோ சைக்கிளை மட்டும் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார்கள்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. மூன்று மாதம் ஆறு மாதமாகி, ஒரு வருஷமும் தாண்டியது. கடிதம் இல்லை, சம்பளம் இல்லை, சொன்ன அரிசியும் இல்லை. நான் பைத்தியக்காரி மாதிரி தினமும் மரவள்ளிக்கிழங்கு வேகவைக்கும்போது எங்கள் இருவருக்கும் போக இரண்டு துண்டு கூடப் போடுவேன். ஒருவேளை இன்றைக்கு வந்துவிட்டால் பசியோடு வருவாரே என்றுதான். மாமா பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் அதை அவரே எடுத்துத் தின்றுவிட்டு, "ராத்திரி எலி தின்னுருச்சு போல" என்பார். எங்கள் வீட்டு எலிக்குப் பல் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

மாமாவுக்குத் தொழில் பால் ஊற்றுவது. இரண்டு மாடு இருந்தது. ஒன்றை ஜப்பான் சிப்பாய்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்த ஒரு மாட்டை வைத்துத்தான் எங்கள் வயிற்றுப்பாடு நடந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் விடியற்காலை, மாமா பால் கறந்துகொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூடி போட்ட எனாமல் தூக்கோடு வந்து நின்றார். செம்பட்டைத் தாடி. கறுப்புக் கோட்டு, முழங்கையில் சாக்குத் துணி ஒட்டுப்போட்டது. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பொட்டு வெயில் இல்லாத நேரத்திலும் தலையில் தொப்பி. பால் வேண்டும் என்றார், கடைத்தெரு மலாயில். சரி, நில்லுங்கள் என்றோம். அவர் நிற்கவில்லை. மாட்டுக்குப் பக்கத்தில் வந்து, மாமாவின் கையையே பார்த்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டார். கறந்த பால் அவருடைய தூக்கிலேயே விழவேண்டும் என்றார். மறுநாளும் அப்படியே வந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே.

மாமாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். மூன்றாம் நாள் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னா துவான், முப்பது வருசமா பால் ஊத்துறேன், ஒருத்தன்கூட இப்படி காவல் காத்ததில்ல. நான் என்ன தண்ணி கலக்குற ஆளா?"

உண்மையைச் சொன்னால் மாமா கொஞ்சம் கலப்பார். கோயில் வீட்டுக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் மட்டும் கலக்கமாட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதனால்தான் கோபம் இரண்டு பங்காக வந்தது. 'துவான்' என்ற மலாய் மரியாதைச் சொல்லைத் தவிர அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது. தூக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தார். அவர் மலாக்காச் செட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் பொட்டு, மாரியம்மன் கோயில், பொங்கல் எல்லாம் நம்மைப்போலத்தான். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். நான் அவரை மக்சிக் என்றுதான் கூப்பிடுவேன், மலாயில் அத்தை மாதிரி. அந்தத் தாடிக்காரர் அவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் வாடகைக்கு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மக்சிக்தான் விஷயத்தை உடைத்தார். அவர் யூதராம். பசுவின் பாலில் அவர்களுக்கு ஆகாத எந்த மிருகத்தின் பாலும் கலந்திருக்கக்கூடாது என்பது அவர்கள் மத வழக்கமாம். அதனால் கறக்கும்போது அவர்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டுமாம். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

மாமா, "அப்ப நான் பன்னியக் கறந்துருவேன்னு பயப்படுறாரா?" என்று கேட்டுவிட்டு, தானே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. அன்றிலிருந்து அந்த மனிதர் உட்கார ஒரு மணைக்கட்டையே போட்டுவைத்தார்.

சனிக்கிழமை மட்டும் வரமாட்டார். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு வேலையும் கூடாது, கையில் ஒரு சாமானும் தூக்கக்கூடாது. வெள்ளிக்கிழமையே கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வார். காலண்டர்கூட இல்லாத அந்த நாளில், இவர் வராவிட்டால் சனிக்கிழமை என்று கிழமையைத் தெரிந்துகொண்டோம்.

அவர் ஏன் மலாக்காவுக்கு வந்தார், யூதர் ஒருவர்கூட இல்லாத ஊரில் அவருக்கு என்ன வேலை என்று எனக்குக் குடைச்சல். பால் கறக்கும் நேரம்தான் பேச்சு நேரம். எனக்கும் கொஞ்சம் மலாய் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவர் ஊர் ஜெருசலேமிலிருந்து ஒரு நாள் பயணத்தில், ஓர் ஏரிக்கரையில் இருக்கிறதாம். அங்கே ஏழை விதவைகளுக்கும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் சோறு போடும் சாலை ஒன்று உண்டு. அதற்குத் தருமம் வாங்கிவர, ஊர் கூடி ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்து அனுப்புவார்களாம். இவர் அப்பாவும் அப்படிப் போனவர்தானாம். இவர் பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு என்று யூதர் இருக்கும் ஊராகப் பார்த்து வந்திருக்கிறார். அடுத்தது சிங்கப்பூர். போகிற வழியில் சண்டை வந்துவிட்டது, காய்ச்சலும் வந்துவிட்டது, மலாக்காவில் இறங்கிவிட்டார். பாக்தாத்தில் பிறந்ததாகக் காகிதம் வைத்திருந்ததால் ஜப்பான்காரன் அப்போதைக்கு அடைத்துவைக்கவில்லை. ஊரை விட்டு நகரக்கூடாது, வாரம் ஒரு முறை போலீஸ் ஸ்டேஷனில் முகம் காட்டவேண்டும் என்று விட்டுவைத்திருந்தான். ஒரு சீனர் கடைக்குச் சாக்கு தைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ தருமப் பணம் உங்ககிட்டத்தான் இருக்கா?" என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாத கேள்விதான். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பணம் எல்லாம் பினாங்கிலிருந்தே பாங்கு வழியாக ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பிள்ளைகள் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள் என்றார். பிறகு கோட்டுக்குள்ளிருந்து ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வலமிருந்து இடமாக எழுதிய எழுத்து. பக்கம் பக்கமாகப் பெயர்கள்.

தருமம் கொடுத்தவர்கள், யாருக்காக வேண்டிக்கொண்டார்களோ அவர்கள் பெயராம். நோயாளி மனைவி, கப்பலில் போன மகன், பிள்ளை இல்லாத மகள் என்று ஆளுக்கு ஒரு கவலை. அவர் ஊர் ஏரிக்கரையில் ஒரு மகானின் சமாதி இருக்கிறது. அங்கே நின்று இந்தப் பெயர்களை வாய்விட்டு வாசித்தால்தான் இவர் வேலை முடிந்ததாக அர்த்தம். "பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, பெயர்கள் இன்னும் போகவில்லை. கொடுத்தவர்கள் எல்லாம் வாசித்தாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்" என்று சொல்லி அந்தப் புத்தகத்தைத் தடவினார். தொட்டிலில் விட்டுவந்த கடைசி மகளைப் பற்றிச் சொல்லும்போதும் அவர் முகம் அப்படித்தான் ஆகும். இப்போது இவ்வளவு உயரம் இருப்பாள் என்று கையால் காட்டுவார். மாதாமாதம் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும்.

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மாரியம்மனுக்கு நேர்ந்தாகிவிட்டது, முனியாண்டிக்கு நேர்ந்தாகிவிட்டது, மக்சிக்கோடு போய்ச் செயின்ட் பால் குன்று மேலே நின்று யார் சாமி என்று தெரியாமலே கும்பிட்டும் ஆகிவிட்டது. இன்னொரு வாசல் இருக்கும்போது ஏன் தட்டாமல் விடவேண்டும்?

மறுநாள் பால் கறந்ததும் காசு வேண்டாம் என்றேன். "இது உங்க ஊரு பிள்ளைங்களுக்கு நான் கொடுக்குற தருமம். என் வீட்டுக்காரரையும் அந்தப் புத்தகத்துல எழுதிக்குங்க."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. எழுதுவதற்கு அல்ல. பாலைப் பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிட்டேனாம், அப்படியானால் அதை அவர் குடிக்கமுடியாதாம். சயாம் தாண்டி, இந்தியா தாண்டி எந்த ஊரோ அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் காற்படிப் பாலை எப்படி அனுப்புவது? கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகளிடமிருந்து தான் விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு ஒன்றை எடுத்துத் தன்னுடைய உண்டியல் தகரத்திலேயே போட்டுக்கொண்டார். மாமா மாட்டுக்குப் பின்னாலிருந்து, "இவரு நம்ம செட்டியாருங்களையே தூக்கிச் சாப்புட்டுருவாரு போலிருக்கே" என்றார்.

அவர் பென்சிலை எடுத்து, "பெயர்?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். புருஷனை "டேய்" என்றுகூடக் கூப்பிடுகிறார்கள், கூப்பிடட்டும், நன்றாக இருக்கட்டும். எங்களுக்குப் புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவருக்கு ஒரு சாமி பெயர். கோயிலில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது அந்தப் பெயர் வரும் இடத்தில் மட்டும் நான் உதட்டை மூடிக்கொள்வேன். ரேஷன் அட்டை பதிந்தபோது குமாஸ்தா, "பேர் என்னா, பேர் என்னா" என்று நாலு முறை கத்தியும் எனக்கு வாய் வரவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்தான் என் சார்பில் சொன்னாள். சாதாரண நாளிலேயே இப்படி. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத நேரத்தில், என் வாயால் சொல்லி, இருக்கிற கொஞ்ச ஆயுளையும் நானே குறைப்பதா? சொல்லாவிட்டால் அவருக்காக வேண்ட முடியாது. சொன்னால் அவருக்கு ஆகாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மக்சிக்கைக் கூப்பிட்டு அவரிடம் விளக்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அவர்களுக்கும் ஒரு பெயர் உண்டாம், சொல்லக்கூடாதது, அவர்கள் சாமியின் பெயர். "ஆனால் எங்கள் சாமிக்குத் தன் பெயர் தெரியும் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாதே" என்றார். கூடவே இன்னொரு குண்டையும் போட்டார். பெயர் மட்டும் போதாதாம். வேண்டிக்கொள்ளும்போது இன்ன தாயின் பிள்ளை என்று அம்மா பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார்களாம்.

மாமியாரை நான் பார்த்ததே இல்லை. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, அவர்கள் எஸ்டேட்டில் இருந்த காலத்திலேயே, போய்ச் சேர்ந்துவிட்டார். வருஷா வருஷம் படையல் போடுவோம், "அம்மாவுக்கு" என்பார் அவர், "அவளுக்கு" என்பார் மாமா. பெயர் என்ன என்று கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

சரி, மாமாவே இரண்டையும் சொல்லிவிடலாமே என்றால், மாமா எழுந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். மகன் பெயரைச் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. பெண்டாட்டி பெயரை மூன்று பேர் முன்னால் சொல்லத்தான் கூச்சம்.

அன்று சாயங்காலம் புல் நறுக்கிக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே, தலையைத் தூக்காமல், அந்தப் பெயரைச் சொன்னார். "ஒரு தடவகூட பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல தாயி. 'இந்தாடி'ம்பேன். அவளும் அதுக்கே ஓடியாருவா" என்றார். நறுக்கிய புல்லை ஒதுக்கிவைத்துவிட்டு, "நாளைக்குக் காலைல வரட்டும், ரெண்டு பேரையும் நானே சொல்றேன். நீ வாயத் தொறக்க வேணாம்" என்றார். எனக்கு மனசு நிறைந்துபோனது. அன்றைக்குப் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மறுநாள் அவர் பாலுக்கு வரவில்லை.

சனிக்கிழமை இல்லை என்பது நிச்சயம். முந்தாநாள்தான் திங்கள். மாமா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஏதோ உடம்புக்கு முடியவில்லை போல, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று புக்கிட் பாரு பக்கம் புல் அறுக்கப் போய்விட்டார். அவர் போய் அரை மணி நேரம் இருக்காது. மக்சிக் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"துவானைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சிங்கப்பூரில் கைதிகளை அடைக்கிற காம்புக்காம். லாரி சாலையில் நிற்கிறது."

விடியும்போதே வந்து சாமான்களைக் கட்டச் சொல்லி, வாசலில் சிப்பாயை நிறுத்திவிட்டார்களாம். மக்சிக்கையும் அதுவரை வெளியே விடவில்லையாம்.

எனக்கு முதலில் தோன்றியது மாமாவைக் கூப்பிடவேண்டும் என்பதுதான். புக்கிட் பாருவுக்கு யார் ஓடுவது? சைக்கிள் இருந்தது, எனக்கு ஓட்டத் தெரியாது. நின்று யோசிக்க நேரமும் இல்லை. மாட்டுச் சாணி அள்ளிய கையோடு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு சாலைக்கு ஓடினேன்.

மூடு துணி இல்லாத லாரி. பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஓரமாக, ஒரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு சிப்பாய் காகிதத்தைப் பார்த்துப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள், ஜப்பான்காரன் லாரி நின்றால் எட்ட நின்று பார்க்குமே அந்தக் கூட்டம். கிட்டே யாரும் போகவில்லை. நான் போனேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்த நேரத்தில் சிப்பாய் கண்ணிலேயே படவில்லை.

"துவான்! பேரு!" என்று கத்தினேன்.

என்னைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கோட்டுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார். பென்சிலைத் தேடினார், கிடைக்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் எதையோ எடுத்துக் கொடுத்தார். நான் மாமியார் பெயரைச் சொன்னேன். அது வந்துவிட்டது. அவர் எழுதினார். "பிள்ளை பெயர்?" என்றார்.

உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. சிப்பாய் காகிதத்தை மடித்து முன்னால் ஏறிக்கொண்டான். இஞ்சின் உறுமியது. அவர் குனிந்து, கையை நீட்டி, "பெயர் அம்மா, பெயர்!" என்று கெஞ்சுகிறார். இத்தனைக்கும் போகிறவர் அவர். எங்கே கொண்டு போகிறார்கள், என்ன செய்வார்கள் என்று அவருக்கே தெரியாது. என் புருஷன் பெயருக்காக அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

லாரி நகர்ந்தது. நானும் கூடவே ஓடினேன். ஓடிக்கொண்டே சொன்னேன். சொல்லவில்லை, அலறினேன். அந்தப் பெயரை வாழ்க்கையில் முதல் முறையாக, நடுச்சாலையில், காஜா பேராங் முழுக்கக் கேட்கிறமாதிரி மூன்று முறை கத்தினேன்.

அவர் எழுதினார். எழுதிவிட்டுத் திருப்பிச் சொன்னார். நம் எழுத்து அவர் வாயில் கொஞ்சம் வளைந்துதான் வந்தது, ஆனால் என் வீட்டுக்காரர் பெயர்தான் அது. "இன்ன தாயின் பிள்ளை இன்னார்" என்று சரியாகச் சொன்னார். எனக்கு மூச்சு நின்றுபோனது, நானும் நின்றுவிட்டேன். அவர் புத்தகத்தை உள்ளே வைத்து, அதன்மேல் கையை வைத்துக் காட்டினார். லாரி முனையில் திரும்பிப் போய்விட்டது.

அப்புறம்தான் பயம் வந்தது. சொல்லிவிட்டேனே, சொல்லிவிட்டேனே என்று வீட்டுக்கு வந்து உதட்டில் அடித்துக்கொண்டு அழுதேன். மாமா வருவதற்குள் விஷயம் அவருக்கு வழியிலேயே போய்விட்டது. ரோட்டில் நின்று புருஷன் பேரைக் கத்தினாளாமே உன் மருமகள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திட்டப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சரியா எழுதிக்கிட்டாரா?"

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதத்தில் ஜப்பான்காரன் தோற்றுப்போனான். சயாமில் இருந்தவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். மலாக்காவுக்கு வந்த ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்ததால், தம்பின் ஸ்டேஷனில் இறங்கி லாரியில்தான் வந்தார்கள். ஒவ்வொரு லாரிக்கும் போய் நின்றேன். முகத்தை முகத்தைப் பார்ப்பேன். மெலிந்து உருமாறி வந்தால் எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர்கள் போன பிறகும் பின்னாலேயே நடந்து பார்ப்பேன்.

என் வீட்டுக்காரரோடு ஒரே லாரியில் ஏறியவர் ஒருவர் வந்தார், கிளேபாங்கில் வீடு. என்னைப் பார்த்ததும் அவர் குனிந்துகொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது. அங்கே போன முதல் மழைக்காலத்திலேயே, காலராவில் போய்விட்டாராம். இரண்டே நாளாம். அங்கேயே ஆற்றோரமாக எரித்துவிட்டார்களாம்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறைக்கமாட்டேன். கேட்டவுடனே எனக்கு அழுகை வரவில்லை. மனசு கணக்குப் போட்டது. முதல் மழைக்காலம் என்றால் நான் பெயர் சொல்வதற்கு ஒரு வருஷத்துக்கும் முன்னால். அப்படியானால் என் வாயால் அவர் ஆயுள் குறையவில்லை. அந்த நிம்மதிதான் முதலில் வந்தது. அது போனதும் வந்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்வேன். இருந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனையோ முறை அவர் சைக்கிளில் ஏறும்போது பின்னாலிருந்து கூப்பிட ஆசையாக இருக்கும். ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்திருப்பார். எப்படிப் பார்த்திருப்பார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாமா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. பாலும் மாடும் என் கைக்கு வந்தது. தண்ணீர் கலப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

சண்டை முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். மக்சிக் வீட்டுக்கு வெளிநாட்டுத் தபால் ஒன்று வந்தது. மலாயில், ஆங்கில எழுத்தில், நாலைந்து வரி. மக்சிக்தான் வாசித்துச் சொன்னார். துவான் காம்பிலிருந்து தப்பிப் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டாராம். சின்ன மகள் முதலில் அவரிடம் வரவேயில்லையாம், தாடியைப் பார்த்துப் பயந்தாளாம், இப்போது சரியாகிவிட்டாளாம். புத்தகத்திலிருந்த பெயர்களை எல்லாம் வாசித்துவிட்டாராம். என் வீட்டுக்காரர் பெயரை மட்டும் மாதம் ஒரு முறை போய் வாசித்துக்கொண்டிருக்கிறாராம். கடைசியில் எழுதியிருந்தார்: "அவர் வந்து சேர்ந்தாரா? வந்திருந்தால் எழுதுங்கள், நன்றி சொல்லவேண்டும். வேறுவிதமாக இருந்தாலும் எழுதுங்கள். அதற்கு வேறு பிரார்த்தனை இருக்கிறது. அதுவரை உயிரோடு இருப்பவர்கள் பக்கத்திலேயே பெயரை வைத்திருப்பேன்."

மக்சிக் அப்போதே காகிதமும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். "சொல், எழுதுகிறேன்" என்றார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு எழுதலாம் என்றேன். மறுநாளும் அப்படியே சொன்னேன். நாலாம் நாள் அவர் காகிதம் கொண்டுவரவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த முகவரியை நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எழுதவில்லை.

இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். செங் பக்கம் தம்பி மகன் வீட்டில் இருக்கிறேன். எவ்வளவோ மறந்துவிட்டது, இது மட்டும் மறக்கவில்லை. ஒரு நல்ல மனிதர், யாரோ ஒருத்தியின் புருஷனுக்காக, வெயிலிலும் குளிரிலும் போய் நின்று வேண்டிக்கொண்டிருந்திருப்பார், நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று சில நாள் மனசு உறுத்தும். ஆனால் ஊரும் உறவும் சர்க்காரும் செத்துப்போனார் என்று எழுதிவிட்ட பிறகு, உலகத்தில் ஒரே ஓர் ஏரிக்கரையில் மட்டும் அவர் இருப்பவர்கள் பக்கத்தில் இருந்தார். அங்கிருந்தும் அவர் பெயரை அடித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அன்றைக்கும் மனசு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.